நடுநிலையா, நடுங்கும் நிலையா?

(காரைக்குடிப் பட்டிமன்றம். தலைப்பு: 'கல்வி வளாகத்தில் வெறுப்பு தலைதூக்கும்போது தலைவர்களிடம் முதலில் வேண்டியது கனிவா, கண்டிப்பா?' 'கண்டிப்பே' என்ற அணியில் பேசியது.)

நீதி தவறாத நடுவர் அவர்களே! எங்களுக்கு முன்னாலே பேசி, இந்த அரங்கத்தையே உருக வைத்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே! நாற்காலி கிடைக்காமல் படியிலேயும் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, ஆச்சிமார்களே! வீட்டிலே தட்டைக் கையிலே வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்புக் குடும்பங்களே!

எதிரணித் தலைவர் பேசும்போதே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "மாணவர்கள் பூ மாதிரி, கசக்கிடாதீங்க" என்றார். நல்ல வார்த்தை. நானும் ஒத்துக்கிறேன். ஆனா ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. சாதியைச் சொல்லி ஒருத்தன் இன்னொருத்தனை அவமானப்படுத்துறான். அவமானப்படுத்தினவன் பூன்னா, அவமானப்பட்டவன் என்ன புல்லா? (கைதட்டல்) கசங்கிக் கிடக்கிற பூவை முதல்லே கையிலே எடுங்க. கசக்கின கைக்கு அப்புறம் மருதாணி வைக்கலாம். (சிரிப்பு)

வெறுப்புன்னா கத்தி, கம்புன்னு நினைக்காதீங்க. அது ரொம்ப மரியாதையா வரும். முதலாண்டு சேர்ந்த ஒரு பையன்கிட்டே வந்து, "தம்பிக்கு எந்த ஊரு?" ன்னு கேட்கும். ஊரைச் சொல்வான். "அங்கே எந்தத் தெரு?" தெருவையும் சொல்வான். "அப்பா பேரு? என்ன தொழில்? உங்க குலசாமி எது?" இத்தனையும் எதுக்குய்யா? தபால் போடவா? (சிரிப்பு) தபால் போடுறவர்கூட தெருவோட நிறுத்திக்குவார். குலசாமி வரைக்கும் போக மாட்டார்! (கைதட்டல்)

பதில் கிடைச்சதும் என்ன நடக்கும்? மறுநாள் விடுதியிலே அவன் பக்கத்து நாற்காலி காலியா இருக்கும். கையிலே கலர் கலரா கயிறு கட்டினவங்க ஒரு பக்கமா உட்காருவாங்க. செல்போனிலே யாருக்கோ சொல்ற மாதிரி ஒரு பாட்டு ஓடும், அது அவனுக்குத்தான். ராத்திரி அம்மா போன் போட்டு, "சாப்பிட்டியாப்பா?" ன்னு கேட்பாங்க. "சாப்பிட்டேம்மா" என்பான். சாப்பிட்டிருக்க மாட்டான். நடுவர் அவர்களே, நாங்க பேச வந்திருக்கிறது அந்தப் பையனுக்காக.

அந்தப் பையன் முதல்வர் அறைக்குப் போய்ச் சொல்றான்னு வச்சுக்குங்க. எதிரணி சொல்ற கனிவான முதல்வர் என்ன செய்வார்? தலையைத் தடவிக் கொடுப்பார். "தம்பி, இதையெல்லாம் பெரிசு பண்ணாதே. படிப்பிலே கவனம் வை. அவனும் நம்ம பிள்ளைதானே?" அப்படீம்பார். காபிகூட வாங்கிக் கொடுப்பார். பையன் வெளியே வருவான். காபி உள்ளே போச்சு, நீதி வெளியே போச்சு! (கைதட்டல்)

"நல்ல மனசு இருந்தால் போதும், சட்டதிட்டம் எல்லாம் தானா நடக்கும்" என்று எதிரணியிலே பேசின அம்மா சொன்னாங்க. அம்மா, நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே நூறு வருஷத்துக்கு முந்தின சாட்சி இருக்கு. திருநெல்வேலிச் சீமையிலே சேரன்மாதேவி. 1922-லே அங்கே ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார் வ.வே.சு. அய்யர். அவர் சாதாரண ஆளா? லண்டனுக்குப் போய் வெள்ளைக்காரனை எதிர்த்த வீரர். பாரதியாரின் தோழர். தமிழிலே சிறுகதைக்கு முன்னோடி. கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்திலே ஒரு தனிநூலே எழுதின ரசிகர். கம்பனுக்கு விழா எடுக்கிற இந்தக் காரைக்குடியிலே நின்னுக்கிட்டு அவரைக் குறைச்சுப் பேச எனக்கு நாக்கு வராது.

அப்படிப்பட்ட மனிதர் நடத்தின குருகுலத்திலே என்ன நடந்தது? பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. பெற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், இவர் இசைந்துவிட்டார். இரண்டே இலைதான், நடுவர் அவர்களே! ஆனா அந்தக் குருகுலம் நடந்தது பொதுமக்கள் பணத்திலே. காங்கிரஸ் கட்சி 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. "தேசத்துக்காக நடத்துற பள்ளியிலே பந்தி வேற்றுமையா?" என்று பெரியார் கேட்டார். டாக்டர் வரதராஜுலு நாயுடு கேட்டார். தமிழ்நாடே இரண்டாகப் பேசிற்று. காந்தியடிகள் வரைக்கும் விஷயம் போனது. அய்யர் 1925-லே பொறுப்பிலிருந்து விலகினார். அந்த வருஷம் ஜூன் மாதமே, பாபநாசம் அருவியிலே விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரையும் விட்டார்.

பெற்ற மகளுக்காக உயிரைக் கொடுத்த அந்த மனிதருக்கா கனிவு இல்லை? கனிவு கடல் அளவு இருந்தது. இல்லாமல் போனது ஒரே ஒரு விதி. "இங்கே எல்லாருக்கும் ஒரே பந்தி. சம்மதம் இருந்தால் பிள்ளையை விடுங்க, இல்லாவிட்டால் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் குருகுலத்தின் கதையே வேறு. இரண்டு பெற்றோரிடம் காட்டின தாட்சண்யம் ஒரு நிறுவனத்தையே சாய்த்துவிட்டதே! (கைதட்டல்)

"அது பழைய கதை" ன்னு எதிரணியிலே ஒருத்தர் முணுமுணுக்கிறார். சரிங்க, புதுக்கதைக்கு வருவோம். 2018 டிசம்பர். சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகத்திலே, சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு வாசல், அசைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு வாசல், கைகழுவுற இடம்கூடத் தனித்தனி என்று அறிவிப்பு ஒட்டியிருந்தாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் எடுத்துட்டாங்க. சாப்பாட்டைத்தானே பிரிச்சாங்க என்பீங்க. பாத்திரத்தைப் பிரிங்க, கரண்டியைப் பிரிங்க, வேண்டாம்னு சொல்லலை. வாசலை ஏன் பிரிக்கணும்? தனி வாசலுக்கு நம்ம நாட்டிலே ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதை அகராதி பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் இல்லை. (கைதட்டல்)

எதிரணியின் அடுத்த வாதம்: "பேசினால் பெரிசாகும். கண்டுக்காமல் விட்டால் தானா அடங்கும்." வீட்டிலே பால் பொங்குறப்போ கண்டுக்காமல் விட்டுப் பாருங்களேன்! அடங்குமா? அடுப்பு அணையும், பால் போயிடும், அப்புறம் ஆச்சிகிட்டே நம்மதான் அடங்கணும்! (சிரிப்பு)

கண்டுக்காமல் விட்டதுக்கு என்ன விலைன்னு சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டக் கல்லூரி காட்டிச்சு. ஒரு சுவரொட்டி. அதிலே கல்லூரியின் பெயரைப் போட்டவங்க அம்பேத்கர் பெயரை விட்டுட்டாங்க. கல்லூரி தன் பேரையே பறிகொடுத்து நிக்குது. ஒரு முதல்வர் அன்றைக்கே இரு தரப்பையும் கூப்பிட்டு, "இந்தக் கல்லூரிக்கு ஒரே பேருதான். அதை வெட்டினவங்க திருத்துங்க" என்று சொல்ல வேண்டிய விஷயம். புகைச்சல் வளர விட்டாச்சு. 2008 நவம்பர் 12, தேர்வு நடக்கிற நேரம். மாணவர்கள் மாணவர்களையே விரட்டி விரட்டி அடிச்சாங்க. வாசலிலே போலீஸ் நின்னுது, உள்ளே போகலை. அத்தனையும் தொலைக்காட்சியிலே வந்தது. வீட்டிலே சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க தட்டைக் கீழே வச்சுட்டாங்க.

அப்புறம் என்ன? முதல்வர் பணியிடை நீக்கம். போலீஸ் அதிகாரிகள் மேலே நடவடிக்கை. நீதிபதி சண்முகம் தலைமையிலே விசாரணை ஆணையம். பத்து வருஷம் கழிச்சு அந்தக் கல்லூரியையே பழைய இடத்திலேருந்து கிளப்பி, சென்னைக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டு போயிட்டாங்க. அடிபட்டது எந்தத் தரப்புன்னு நான் கணக்குப் பார்க்கலை. படிக்க வந்த பிள்ளைகள், இரண்டு பக்கமும் தோத்துப் போனாங்க. ஒரு சுவரொட்டியைக் கிழிச்சு முடிச்சிருக்க வேண்டியது, ஒரு கல்லூரியையே பெயர்த்து வச்சுடுச்சு! (கைதட்டல்)

நம்ம ஊரிலே மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவிலே பெரிய பெரிய பல்கலைக்கழகங்களிலே யூத மாணவர்கள் மேலே வெறுப்பு என்று ஒரு பிரச்சினை. யூதர்கள் நமக்கு அந்நியர் இல்லை. பக்கத்திலே கொச்சியிலே நூற்றாண்டுக் கணக்கா வாழ்ந்தவங்க. மட்டாஞ்சேரியிலே 1568-லே கட்டின அவங்க ஜெபக்கூடம் இன்னும் நிக்குது. 2023 அக்டோபரிலே இஸ்ரேல் மேலே ஹமாஸ் தாக்குதல், தொடர்ந்து காசாவிலே போர். அந்தச் சூடு அமெரிக்க வளாகங்களிலே ஏறிச்சு. டிசம்பர் 5-ந் தேதி ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. மூன்றின் தலைவர்களையும் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்டுது. "யூதர்களைக் கூண்டோடு அழிக்கணும்னு உங்க வளாகத்திலே ஒருத்தன் கூவினால், அது உங்க விதிப்படி தப்பா இல்லையா?"

எல்.கே.ஜி. குழந்தைகூட "தப்பு" ன்னு சொல்லும். படிச்சவங்க என்ன சொன்னாங்க? "அது சூழ்நிலையைப் பொறுத்தது" ன்னாங்க! நாலே நாளிலே பென்சில்வேனியா தலைவர் விலகினார். அடுத்த மாசம் ஹார்வர்டு தலைவரும் விலகினார். அவர் மேலே வேறு புகார்களும் சேர்ந்துக்கிச்சு.

இங்கே ஒரு கோடு போட்டுக்கணும், நடுவர் அவர்களே. ஒரு அரசாங்கத்தைத் திட்டலாம். போர் வேண்டாம்னு ஊர்வலம் போகலாம். பாலஸ்தீனக் குழந்தைகளுக்காகக் கண்ணீர் விடலாம். அதெல்லாம் மாணவனோட உரிமை. அதை அடக்க முதல்வருக்கு அதிகாரம் கொடுங்கன்னு நான் கேட்கலை. ஆனா கூடப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து, அது பிறந்த பிறப்பைச் சொல்லி, "நீ இங்கே இருக்கக் கூடாது" என்றால் அது கருத்து இல்லை, விரட்டல். யூதப் பிள்ளையைச் சொன்னாலும் அப்படித்தான், முஸ்லிம் பிள்ளையைச் சொன்னாலும் அப்படித்தான், சேரியிலேருந்து வந்த பிள்ளையைச் சொன்னாலும் அப்படித்தான். கருத்துக்குக் கதவைத் திற, விரட்டலுக்குக் கதவைச் சாத்து. இந்த வித்தியாசம் தெரியாதவர் தலைவர் நாற்காலியிலே உட்காரக் கூடாது. (பலத்த கைதட்டல்)

"சட்டத்தாலே மனசை மாத்த முடியுமா?" ன்னு கேட்டாங்க. மாத்திக் காட்டியிருக்கோம். ராகிங் என்று ஒன்று இருந்ததே, ஒரு காலத்திலே அதை "சும்மா விளையாட்டு" ன்னுதான் சொல்லுவாங்க. நம்ம கானாடுகாத்தான் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் உண்டாக்கின பல்கலைக்கழகம், சிதம்பரத்திலே. அங்கே மருத்துவம் படிக்க வந்த முதலாண்டு மாணவர் நாவரசு 1996 நவம்பரிலே கொலை செய்யப்பட்டார். நாடே அதிர்ந்தது. 1997-லே தமிழ்நாட்டிலே தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலே ஒரு பிரிவு இருக்கு. எதிரணி நண்பர்கள் காது கொடுத்துக் கேட்கணும். ராகிங் பற்றிப் புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார்!

பார்த்தீங்களா? "நான் அடிக்கலை, நான் சும்மாத்தான் இருந்தேன்" ன்னு தப்பிக்க முடியாது. சும்மா இருந்ததுதான் குற்றம். ராகிங்குக்கு ஒரு நியாயம், சாதி அவமானத்துக்கு ஒரு நியாயமா? 2012-லேயே பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டுது. பாகுபாட்டைத் தடுக்கக் கல்லூரிகளிலே ஓர் அலுவலர் வேணும், புகாரை 60 நாளுக்குள்ளே முடிக்கணும். விதி வந்தது. ஆனா 2016 ஜனவரியிலே ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலே என்ன நடந்தது? ரோஹித் வெமுலா. ஆராய்ச்சி மாணவர். உதவித்தொகை மாசக்கணக்கா வரலை. விடுதியிலேருந்து வெளியேத்தினாங்க. திறந்தவெளியிலே கூடாரம் போட்டுப் படுத்திருந்தார். துணைவேந்தருக்குத் தன் வேதனையைக் கடிதமாவே எழுதினார். கடைசியிலே அந்தத் தாய்க்குப் பிள்ளை இல்லை. விதி புத்தகத்திலே இருந்தால் போதாதய்யா, விடுதிக்கு நடந்து வரணும்!

(நடுவர் மணி அடிக்கிறார்)

நடுவர் மணி அடிச்சுட்டார். இந்த மணி பேச்சை நிறுத்தச் சொல்ற மணி. மனுநீதிச் சோழன் வாசலிலே கட்டினது பேசச் சொன்ன மணி! (சிரிப்பு, கைதட்டல்) கன்றை இழந்த பசு வந்து இழுத்துது. ராஜா, "பசுவா? சூழ்நிலையைப் பொறுத்தது" ன்னு சொல்லலை. தேரிலே போனது தன் மகன்னு தெரிஞ்சும் பின்வாங்கலை. நம்ம கல்லூரிகளிலே புகார்ப் பெட்டி இருக்கு. பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு. சாவி யார்கிட்டே இருக்குன்னு கேட்டால், ஓய்வு பெற்றுப் போனவர்கிட்டேங்கிறாங்க. (சிரிப்பு)

எதிரணி கேட்ட ஒரு கேள்வியிலே மட்டும் நியாயம் இருக்கு. "அவசரப்பட்டுத் தண்டிச்சால் ஒரு நிரபராதியின் எதிர்காலம் போகுமே?" ஆமாம், போகும். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் கதையைப் படிச்ச பக்கத்து ஊர்க்காரங்க நாங்க. அதனாலேதான் கண்டிப்புன்னா என்னன்னு தெளிவாச் சொல்றேன். கண்டிப்புன்னா கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிறது இல்லை. கண்ணைத் திறந்து பார்க்கிறது.

புகார் வந்தால் முதல்வர் அன்றைக்கே அந்த இடத்துக்குப் போகணும். அறையிலே உட்கார்ந்து அறிக்கை கேட்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியா, மரியாதையா உட்கார வச்சுக் கேட்கணும். எதிர்த் தரப்பையும் கேட்கணும். நடந்தது சாதி அவமானம்னா "சாதி அவமானம்" ன்னே எழுதணும். "இரு தரப்பு மோதல்" ன்னு பவுடர் பூசக் கூடாது. இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கை குலுக்கிக்குங்க" ன்னு புகைப்படம் எடுக்கிறதை நிறுத்தணும். அடிச்சவன் கையை அடிபட்டவன் ஏன் குலுக்கணும்?

எல்லாத்தையும்விட முக்கியம், புகார் சொன்னவனுக்குக் காவல். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியிலே ஒரு பள்ளி மாணவன், தன்னைத் துன்புறுத்தினதைச் சொன்னான். கூடப் படிச்சவங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கையையும் வெட்டினாங்க. சொன்னதுக்குத் தண்டனை என்றால் அடுத்த பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்? அதுக்கப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனிலே அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுற கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளியிலே கூடாது என்று சொன்னது. கயிறு சின்ன விஷயமா? இருக்கலாம். தூக்கணாங்குருவிக் கூடும் நாரு நாராத்தான் பின்னுது!

தண்டனையிலேயும் அளவு இருக்கட்டும். தெரியாமல் பேசின பதினெட்டு வயசுப் பையனை வீட்டுக்கு அனுப்பாதீங்க. எச்சரிங்க, பெற்றவரைக் கூப்பிடுங்க, திருந்த வாய்ப்புக் கொடுங்க. திட்டம் போட்டு மிரட்டினவனை வெளியே நிறுத்துங்க. குற்றம் என்றால் காவல்துறைக்கு அனுப்புங்க. யார் பிள்ளையானாலும், எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் அதே தண்டனை. இதிலே எங்கே கனிவு செத்துப் போச்சு? பாதிக்கப்பட்டவன் பக்கம் நிக்கிறதுதான்யா முதல் கனிவு! (பலத்த கைதட்டல்)

சா. கணேசனார் 1939-லே கம்பன் விழாவைத் தொடங்கின ஊர் இது. கம்பனைச் சொல்லாமல் இறங்கினால் கீழே விட மாட்டீங்க. (சிரிப்பு) வீடணன் அடைக்கலம் கேட்டு வர்றான். எதிரியின் தம்பி, அரக்கர் குலம். இராமன் என்ன செய்தான்? கூட இருந்த எல்லாரையும் கருத்துக் கேட்டான். சுக்கிரீவன் வேண்டாம் என்றான். அனுமன் சேர்க்கலாம் என்றான். அத்தனையும் கேட்டுட்டு, முடிவை இராமனே எடுத்தான். எல்லாருக்கும் முன்னாலே சொன்னான். குலத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தலை; வந்தவனைத் தம்பியாவே ஏத்துக்கிட்டான். அதுக்கப்புறம் அந்தப் படையிலே ஒருத்தன், "இவன் அரக்கன்" ன்னு வீடணனைத் தள்ளி வைக்க முடியுமா? தலைவன் வெளிப்படையா ஒரு வார்த்தை சொல்லிட்டால் அதுதான் படைக்கு விதி. தலைவன் வாயை மூடிக்கிட்டால் ஆளுக்கு ஒரு விதி.

வள்ளுவர் நடுவுநிலைமைன்னு ஒரு அதிகாரமே வச்சார். நடுவிலே நிக்கிறது வேற, நழுவி நிக்கிறது வேற. தராசு முள் நடுவிலே நிக்கணும்னா, இரண்டு தட்டும் சமமா இருக்கணும். ஒரு தட்டிலே ஏற்கெனவே ஒருத்தன் ஏறி மிதிச்சுக்கிட்டிருக்கான். அவனை இறக்காமல், "நான் நடுவிலேதான் இருக்கேன்" ன்னு சொன்னால், அது நடுநிலை இல்லை, நடுங்கும் நிலை! (நீண்ட கைதட்டல்)

முடிச்சுடுறேன். இந்த மண்ணிலே வள்ளல் அழகப்பர் 1947-லே கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அன்றைய 15 லட்சம்! கொடுத்தவங்க நிலத்தைக் கொடுத்தாங்க, காசைக் கொடுத்தாங்க, கட்டடத்தைக் கொடுத்தாங்க. ஆனா ஒரு பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள்ளே தலை நிமிர்ந்து நடக்கிறதை எந்த வள்ளலாலேயும் எழுதிக் கொடுக்க முடியாது. அதை அன்றாடம் காப்பாத்திக் கொடுக்க வேண்டியவர் அந்த நாற்காலியிலே இருக்கிறவர்தான்.

கூலி வேலைக்குப் போய், இருந்த ஒரு சங்கிலியை அடகு வச்சு, பிள்ளையைக் கல்லூரியிலே கொண்டு வந்து விடுறாள் ஒரு தாய். வாசலோடு அவள் திரும்பிடுவாள். அதுக்கு மேலே அவள் பார்க்க முடியாது. உள்ளே அவள் பிள்ளையை ஒருத்தன், "நீ எந்தத் தெரு?" ன்னு கேட்டால், "இவன் என் கல்லூரி மாணவன். அவ்வளவுதான் முகவரி" என்று சொல்ல ஒரு தலைவர் வேணும். சொன்னதை நடத்திக் காட்ட அவருக்கு ஒரு கண்டிப்பு வேணும். அந்தக் கண்டிப்புக்கே தீர்ப்பு வழங்க வேணும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.